அம்பத்தூர் வீட்டை விட்டுக் கோவை முதியோர் குடியிருப்புக்குப் போகலாமா? மனைவிக்கு விருப்பமில்லை

அம்பத்தூர் வாசி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 69, என் மனைவிக்கு 66. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலும், அவர் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றோம். மகன் டொராண்டோவில் இருக்கிறான், மகள் பெங்களூரில் இருக்கிறாள். 1991-இல் கட்டிய வீட்டில்தான் இன்றுவரை வசிக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூடத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் நின்றது. முதல் முறை கட்டிலையும் ஃபிரிட்ஜையும் நானே செங்கல் வைத்து உயர்த்தினேன். இரண்டாம் முறை மாடியில் குடியிருக்கும் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது. இந்த வீட்டை இனி நம்மால் கட்டி ஆள முடியாது என்ற எண்ணம் அன்று இரவு வந்தது, இன்னும் போகவில்லை.

கோயம்புத்தூரில் வடவள்ளிக்கும் தொண்டாமுத்தூருக்கும் இடையில் உள்ள ஒரு முதியோர் குடியிருப்பை இரண்டு முறை போய்ப் பார்த்தோம். காற்று நன்றாக இருக்கிறது, சிறுவாணித் தண்ணீர் இருக்கிறது, மூன்று வேளை உணவும் பொது உணவுக்கூடத்தில் கிடைக்கிறது, செவிலியர் ஒருவர் இரவும் பகலும் இருக்கிறார். சொந்தமாகவும் வாங்கலாம், பெரிய முன்பணம் கட்டிக் குத்தகைக்கும் எடுக்கலாம் என்கிறார்கள். உணவுக்கும் பராமரிப்புக்கும் இருவருக்கும் சேர்த்து இப்போது மாதம் 38,000 ரூபாய் ஆகும். எனக்குப் பிடித்துவிட்டது. என் மனைவியோ திரும்பி வரும் ரயிலில், "நாற்பது வருஷம் நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, இப்போது தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நில் என்கிறீர்கள்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். காட்பாடி வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை.

இத்தகைய இடத்தில் வாழ்பவர்கள், வாழ்ந்து திரும்பியவர்கள், இருதரப்பினரும் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டுகிறேன்.

சிறுவாணிக்கரை:

ஐயா, நான் நீங்கள் சொல்லும் பகுதியிலேயே வேறொரு குடியிருப்பில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். வயது 74. வரும்போது இருவராக வந்தோம்; இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன். அதனால் நான் எழுதுவது உங்களைவிட உங்கள் மனைவிக்குத்தான் அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதல் நான்கு மாதம் நான் அழுதேன். அதை மறைத்து எழுதினால் பயனில்லை. வசதிக் குறைவு எதுவும் இல்லை. காலை ஆறு மணிக்குக் காபி, எட்டு மணிக்குச் சிற்றுண்டி, பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாடு, இரவு ஏழு மணிக்குப் பலகாரம் என்று எல்லாம் நடந்தன. ஒருவர் வந்து பெருக்கித் துடைத்தார், இன்னொருவர் துணி எடுத்துப் போனார். பகல் பதினொரு மணிக்கு என் கைகளுக்கு என்ன வேலை என்று எனக்கே தெரியவில்லை. என் கணவர் வந்த மூன்றாம் நாளே சீட்டாட்டக்காரர்களோடு சேர்ந்துவிட்டார். ஆண்களுக்கு ஓய்வு என்பது அறுபது வயதில் ஒரு முறை வந்து பழகிவிடுகிறது. அலுவலகம் போன பெண்களுக்கும்கூட அடுப்பிலிருந்து ஓய்வு இப்படித் திடீரென்று ஒரு நாள் வந்து நிற்கிறது, அதற்கு வழியனுப்பு விழாவும் கிடையாது. உங்கள் மனைவி சொன்ன வாக்கியத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

உணவுக்கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே நாற்காலிகளில் பெயர் எழுதியிருக்காது, ஆனால் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. நாங்கள் முதல் நாள் சன்னலோரம் உட்கார்ந்தோம். ஒரு பெரியவர் வந்து எங்கள் பக்கத்தில் ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டே இருந்தார். மறுநாளிலிருந்து தூணுக்குப் பக்கத்து மேசைக்குப் போய்விட்டோம். அந்த மேசையில்தான் எனக்கு இன்றுள்ள இரண்டு தோழிகள் கிடைத்தார்கள்; ஒருவர் மும்பை மாட்டுங்காவிலிருந்து வந்தவர், மற்றவர் பாலக்காட்டுக்காரர்.

கைகளுக்கு வேலையில்லாத அந்த வெற்றிடம் நிரம்பியது ஒரு தற்செயலால்தான். நவராத்திரிக்குக் கொலு வைக்கும்போது ஒன்பது நாள் சுண்டல் யார் பொறுப்பு என்ற பேச்சு வந்தது. சமையல்காரர் கொண்டைக்கடலையைக் குழைத்துவிடுவார் என்று எல்லோரும் அஞ்சினார்கள். நான் போய் நின்றேன். அன்று முதல் வெள்ளிக்கிழமை மாலைப் பலகாரம் என் மேற்பார்வை. சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. ஆனால் வியாழக்கிழமை இரவு ஊற வைத்தார்களா என்று கேட்க எனக்கு ஓர் இடம் இருக்கிறது.

என் கணவர் மூன்றாம் ஆண்டில் காலமானார். அதிகாலை நான்கு மணி. அழைப்பு மணியின் கயிற்றை இழுத்தேன். செவிலியர் வருவதற்கு முன்பே எதிர் வீட்டு அம்மாள் வந்துவிட்டார். மகன் அமெரிக்காவிலிருந்து வர முப்பது மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஃப்ரீசர் பெட்டிக்குச் சொன்னது, மருத்துவரிடம் சான்று வாங்கியது, மின்மயானத்தில் நேரம் பதிந்தது எல்லாவற்றையும் சீட்டாட்டக்காரர்கள் நால்வர் செய்தார்கள். அவர்களில் இளையவருக்கு 71 வயது. சென்னையில் எங்கள் பழைய தெருவில் இருந்திருந்தால் யார் வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்; தெரிந்த முகங்கள் எல்லாம் அங்கிருந்து ஏற்கெனவே போய்விட்டிருந்தன.

நிலவரம்:

சொத்துப் பதிவு தொடர்பான பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஆவணங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சொந்தமாக வாங்குவதானால் நிலத்தில் உங்களுக்குள்ள பிரிபடாத பங்கு எவ்வளவு என்பதைக் கிரயப் பத்திரத்தில் பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அந்தத் திட்டம் தமிழ்நாட்டு ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். கட்டடம் கட்டுபவர் ஒருவர், சோறு போட்டுச் செவிலியர் வைப்பவர் இன்னொருவர் என்பதே பல இடங்களில் ஏற்பாடு. நீங்கள் வாங்குவது வீடு. நீங்கள் நம்பிப் போவதோ சேவை. கட்டியவர், சேவை வழங்குபவர், குடியேறுபவர் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் வேண்டும் என்று மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி நெறிமுறைகள் சொல்கின்றன. அவை மாதிரிகள்தாம், கட்டாயச் சட்டம் அல்ல. ஆயினும் அப்படி ஓர் ஒப்பந்தம் தரத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள், பதிலிலிருந்து பாதி தெரிந்துவிடும்.

மறுவிற்பனைப் பிரிவை இரண்டு முறை படியுங்கள். வாங்குபவருக்கு 55 வயதோ 60 வயதோ ஆகியிருக்க வேண்டும், நிறுவனத்தின் இசைவு வேண்டும், பெயர் மாற்றக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றெல்லாம் இருக்கும். உங்கள் மகளுக்குச் சொத்து வரும், ஆனால் வயது வராமல் அவர் அதில் குடியிருக்க முடியாமல் போகலாம். குத்தகை முறையானால், இருவரில் ஒருவர் மறைந்தபின் மற்றவர் அதே விதிகளின்படி தொடரலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். முன்பணம் எத்தனை நாளில், எவ்வளவு கழித்து, யார் பெயருக்குத் திரும்பும் என்பதும் இருக்க வேண்டும்.

இன்னொன்று பலருக்குப் பத்திரம் முடிந்த பிறகுதான் தெரிகிறது. அம்பத்தூர் வீட்டை விற்று வரும் மூலதன ஆதாயத்துக்கு, அதாவது விற்பனை லாபத்துக்கு, வரிவிலக்குப் பெற முக்கியமான வழி, அந்தப் பணத்தில் குறித்த காலத்துக்குள் வேறொரு குடியிருப்பு வீடு வாங்குவதோ கட்டுவதோதான். குத்தகைக்குக் கட்டும் முன்பணம் வீடு வாங்கியதாகக் கணக்கில் வராது. ஆக, வீட்டை விற்றுக் குத்தகைக்குப் போகிறவர்கள் வரியையும் ஒரு செலவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

மாதக் கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டா என்று கேளுங்கள். குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புக்கு மாதம் 7,500 ரூபாய் வரை உள்ள விலக்கு, தனியார் சேவை நிறுவனம் வசூலித்தால் பொருந்தாது.

வீட்டை விற்காமல் பிள்ளைக்கு எழுதி வைத்துவிட்டுப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால், எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் செட்டில்மெண்ட் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அந்த நிபந்தனையைப் பற்றிக்கொண்டுதான் பத்திரத்தை ரத்து செய்ய உங்களுக்கு உதவும். இத்தகைய மனுக்களை விசாரிக்கும் வருவாய்க் கோட்டாட்சியர் முன் "வாய்மொழியாகச் சொன்னான்" என்று நிற்கும் பெற்றோரை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

தூத்துக்குடிக்காரர்:

யாரும் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வியை நான் கேட்கிறேன். நான் விசாரித்த நான்கு இடங்களிலும் பொது உணவுக்கூடம் சைவம் மட்டுமே. இரண்டு இடங்களில் வெங்காயம், பூண்டுகூட வாரத்தில் சில நாட்கள் கிடையாது. சொந்தச் சமையலறையில் மீன் சமைக்கலாமா என்று கேட்டால், "விதி ஒன்றும் இல்லை சார், ஆனால் யாரும் சமைப்பதில்லை" என்றார் விற்பனைப் பிரிவு இளைஞர். அந்த "ஆனால்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அங்கே வசிப்பவர்கள் சொல்ல வேண்டும். கடற்கரையில் பிறந்தவன், எழுபது வயதுக்குமேல் ஒளிந்து சாப்பிட எனக்கு மனமில்லை.

மறுபக்கம்:

நானும் என் மனைவியும் பதினான்கு மாதம் இருந்துவிட்டு மதுரைக்கே திரும்பிவிட்டோம். இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நாங்கள் சேர்ந்தபோது உணவை நடத்திய நிறுவனம் ஏழாம் மாதத்தில் விலகியது. புதிதாக வந்தவர்கள் மாதக் கட்டணத்தை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்த்தினார்கள். காலைச் சிற்றுண்டியில் இருந்த இரண்டு வகை ஒன்றாயிற்று. கூட்டம் போட்டோம், மனு கொடுத்தோம், எல்லாம் ஆயிற்று.

ஆனால் நாங்கள் திரும்பியதற்கு அது காரணமல்ல. அங்கே குழந்தைகளின் சத்தமே இல்லை. பள்ளி விடும் மணி இல்லை, தெருவில் கிரிக்கெட் பந்து வந்து விழுவதில்லை, காய்கறிக்காரரோடு பேரம் இல்லை. பேச்செல்லாம் மருந்து, பரிசோதனை, பிள்ளைகளின் விசா. மாதம் ஒரு முறையாவது ஆம்புலன்ஸ் வந்தது. அது வரும் நாளில் உணவுக்கூடத்தில் யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். வயதானவர்களை வயதானவர்களோடு மட்டும் வைப்பது எப்படிப் புது வாழ்வாகும் என்று எனக்கு விளங்கவில்லை. மதுரையில் எங்களுக்கு உதவியாள் கிடைப்பது கடினமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பையன் கணக்கில் சந்தேகம் கேட்டு வருகிறான்.

சிறுவாணிக்கரை:

மறுபக்கம் ஐயா சொல்வதில் ஆம்புலன்ஸ் பற்றியது முழு உண்மை. அந்த அமைதியை நானும் அறிவேன். ஆனால் அதன் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். இங்கே சாவு ஒளித்து வைக்கப்படுவதில்லை. அதனால் துக்கத்தில் இருப்பவரிடம் என்ன பேசுவது என்று யாரும் திணறுவதுமில்லை. என் கணவர் போன பத்தாம் நாள், மாட்டுங்காத் தோழி என்னிடம் ஆறுதலாக எதுவும் சொல்லாமல், "வெள்ளிக்கிழமைக்கு என்ன பலகாரம்?" என்று கேட்டார். அவரும் கணவரை இழந்தவர்.

குழந்தைகள் இல்லாத குறை உண்டுதான். எங்களில் ஐந்தாறு பேர் பக்கத்து ஊராட்சிப் பள்ளிக்கு வாரம் இரண்டு நாள் படிக்கச் சொல்லிக் கொடுக்கப் போகிறோம். குடியிருப்பு நிர்வாகம் செய்த ஏற்பாடு அல்ல அது. ஓய்வு பெற்ற ஒருவர் தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டு வந்தார். வேலி உள்ளிருப்பவர்களைத் தடுப்பதில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே போகாதீர்கள் என்று காவலாளி சொல்வதுகூட மலையடிவாரத்து யானைகளுக்காகத்தான்.

இரவுப்பணி:

முப்பத்தோரு ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். உணவு வகைகளை எண்ணும் நேரத்தில் கீழ்க்கண்டவற்றையும் பார்த்து வாருங்கள்.

பக்கவாதம் வந்தால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குமுன் சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். எனவே "மருத்துவமனையோடு தொடர்பு வைத்திருக்கிறோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு சிடி ஸ்கேன் எடுக்கும் இடம் எது, அங்கே போய்ச் சேர எத்தனை நிமிடம், வண்டியும் ஓட்டுநரும் வளாகத்திலேயே இருக்கிறார்களா, அல்லது 108-க்குத்தான் சொல்ல வேண்டுமா என்று கேளுங்கள். மாதிரி வீட்டைக் காட்டும்போது குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். உட்புறமாகத் திறக்கும் கதவு, உள்ளே விழுந்தவரின் உடம்பாலேயே அடைபட்டுவிடும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது ஓட வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் அது பார்வைக்கு மட்டுமே. லிஃப்டில் ஸ்டிரெச்சர் நுழையுமா என்று அளந்து பாருங்கள்.

மிக முக்கியமானது, மறதி நோய். நடமாடும் முதியவர்களை வரவேற்கும் பல இடங்கள், நினைவு தடுமாறத் தொடங்கியதும் "குடும்பத்தினர் மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்" என்கின்றன. ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அந்த நாளில் நீங்கள் இரண்டாம் முறை வீடு மாற வேண்டியிருக்கும், அதுவும் இடமாற்றத்தைத் தாங்கவே முடியாத நிலையில்.

கடல்தாண்டியவள்:

நான் மெல்பேர்னில் இருக்கும் மகள். என் அம்மா இரண்டு ஆண்டுகளாகக் கோவையில் இப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறார். முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டாள் என்று உறவினர்கள் பேசியதை நான் சொல்லத் தேவையில்லை. அம்மாவே ஒரு திருமணத்தில் அவர்களிடம், "என் பணத்தில் நான் வாங்கிய வீடு அது, அவள்தான் அங்கே விருந்தாளி" என்று சொன்ன பிறகு பேச்சு குறைந்தது.

நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். செயற்கைச் சுவாசம் வேண்டுமா வேண்டாமா என்பது போன்ற விருப்பங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றுக்கொண்டது; 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டாலே போதும் என்றாக்கியது. அம்மா அதை எழுதி, அவர் சார்பில் முடிவெடுக்க என் பெயரையும் அவருடைய பக்கத்து வீட்டுத் தோழியின் பெயரையும் சேர்த்திருக்கிறார். என் தொலைபேசி அணைந்திருக்கும் இரவில் கையெழுத்திட ஒருவர் வேண்டும் அல்லவா?

அம்பத்தூர் வாசி:

எல்லோருக்கும் நன்றி. பதிவுகளை அச்செடுத்து மேசையில் வைத்தேன். என் மனைவி சிறுவாணிக்கரை அம்மாவின் பதிவை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

கணக்குப் போட்டும் பார்த்தேன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய உச்சத் தொகையான 30 லட்சத்துக்கு, இப்போதைய 8.2 விழுக்காட்டில் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வட்டி வரும். ஐந்தாண்டுக்கு அந்தத் தொகை மாறாது. மாதக் கட்டணமோ ஆண்டுக்கு எட்டு விழுக்காடு ஏறினால் ஒன்பது ஆண்டில் 38,000 என்பது 76,000 ஆகிவிடும். இந்த இரண்டு வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது எனக்கிருந்த அவசரம் குறைந்துவிட்டது. ஆகவே வீட்டை விற்கவில்லை. கோவைக் குடியிருப்பில் ஒரு வீட்டைப் பதினொரு மாத வாடகைக்கு மட்டும் எடுக்கிறோம். அம்பத்தூர்க் கீழ்த்தளம் பூட்டியிருக்கும். மனைவி ஒரு நிபந்தனை விதித்தார்: இரவு உணவுக்குப் பதிவு செய்யக்கூடாது, அடுப்பும் பாத்திரமும் அம்பத்தூரிலிருந்து வர வேண்டும்.

அம்பத்தூர் வாசி (ஐந்து மாதங்களுக்குப் பின்):

இன்னும் யாராவது இந்த இழையைப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நாங்கள் வந்தது ஜூன் மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று கதவுகளை அறைந்து சாத்தியது. முதல் வாரம் இருவரும் தூங்கவில்லை. பிறகு நடந்தது நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. நான்தான் திணறினேன். எனக்குச் சீட்டாடத் தெரியாது, பஜனையில் நாட்டமில்லை. அம்பத்தூரில் மோட்டார் பழுது, வாடகைக்காரர், சொத்துவரி என்று ஏதாவது ஒன்று என்னை அழைத்துக்கொண்டே இருந்தது. அவற்றைத் தொல்லை என்று நினைத்திருந்தேன். இங்கே ஒரு குழாய் ஒழுகினால் தொலைபேசியில் ஓர் எண்ணை அழுத்தினால் போதும். இரண்டாம் மாதம் குடியிருப்போர் சங்கத்தின் கணக்குகளைப் பார்க்க ஆள் தேடினார்கள், போனேன். மின்தடையின்போது ஓடும் ஜெனரேட்டருக்கு டீசல் எவ்வளவு ஆகிறது என்பதை மாதவாரியாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியதிலிருந்து நிர்வாகத்தினர் எனக்கு வணக்கம் சொல்வதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள், குடியிருப்பவர்கள் அதிகமாக்கியிருக்கிறார்கள்.

என் மனைவி ஞாயிறுதோறும் விடியற்காலை வடவள்ளி உழவர் சந்தைக்குப் பேருந்தில் போகிறார். முதலில் தனியாகப் போனார். இப்போது நால்வர் போகிறார்கள், மற்றவர்களுக்கும் சேர்த்துப் பட்டியலோடு. பகல் சாப்பாடு பொதுக்கூடத்தில்; இரவுச் சமையல் எங்கள் வீட்டில். தனியாக வாழும் ஓய்வு பெற்ற பேராசிரியை ஒருவர் வாரத்தில் மூன்று இரவு எங்களோடு சாப்பிடுகிறார். நாற்பது வருடம் எங்கள் இருவருக்கும் பிள்ளைகளுக்கும் சமைத்த என் மனைவி, இப்போது விருந்தாளிக்குச் சமைக்கிறார். அவர் குரலில் தலைமை ஆசிரியை திரும்பி வந்துவிட்டார்.

வாங்குவதா, குத்தகையா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. சேவை ஒப்பந்தத்தில் மறதி நோய் பற்றிய அந்த வரி இருக்கிறது. அதை மாற்றித் தரச் சொல்லி எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. குளியலறைக் கதவைத் தச்சரை வைத்து வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றிக்கொண்டோம், செலவு எங்களுடையது.

தூத்துக்குடிக்காரர் ஐயாவின் கேள்விக்கு விடை: எங்கள் குடியிருப்பில் சொந்த அடுப்பில் சமைக்கத் தடையில்லை. முதல் ஞாயிறு மத்தி மீன் குழம்பு வைத்தபோது எதிர் வீட்டில் ஊதுவத்தி ஏற்றி வாசலில் வைத்தார்கள். இரண்டாம் ஞாயிறும் வைத்தார்கள். மூன்றாம் ஞாயிறு பேராசிரியை ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கீழ்த்தளத்துக்காரர் ஒருவர், மூன்று வருடமாயிற்று என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஊதுவத்தி இன்னும் எரிகிறது; நாங்களும் சன்னலை மேற்குப் பக்கமாகத் திறந்து வைக்கிறோம்.